பத்து கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்தாயிற்று, எந்த நேரத்தில் ஓடுவது?

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். மூவருமே வேலைக்குப் போகிற அம்மா அப்பாக்கள். ஆபீஸ் வாட்ஸப் குழுவில் யாரோ உசுப்பிவிட, ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானின் பத்து கிலோமீட்டர் பிரிவுக்குப் பணம் கட்டிவிட்டார்கள். எந்த ஷூ, எந்த ஆப், என்ன சாப்பிடுவது என்றெல்லாம் ஏற்கெனவே துருவி வைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்ட இடம் வேறு: காலை ஐந்து மணிக்கா, ஜிம்மிலா, குழுவிலா, பிள்ளை டியூஷனுக்குப் போகும் நேரத்திலா?

எனக்கு ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலுமாக இரண்டு பிள்ளைகள். வங்கி வேலை, வீடு நங்கநல்லூரில். முப்பத்தெட்டு வயதில், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத நிலையிலிருந்து தொடங்கினேன். இந்த நான்கு வழிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓடிப் பார்த்து, இரண்டில் தோற்று, இரண்டைக் கலந்து ஒரு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் வேண்டும்?

முதலில் ஒரு வேண்டுகோள். "பத்து என்ன பத்து, 21.1-க்கே போய்விடலாம்" என்று யாராவது சொன்னால் இந்த ஒரு வருடம் காதில் வாங்காதீர்கள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற வேகத்தில் அரை மாரத்தானுக்குத் தயாராக, ஞாயிற்றுக்கிழமைகளில் 16 முதல் 18 கிலோமீட்டர் வரை போக வேண்டியிருக்கும். அதுவே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். வந்ததும் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வரை சுருண்டு கிடப்பீர்கள். ஓடியது நீங்கள் ஒருவர்தான், ஞாயிற்றுக்கிழமை போவதோ வீட்டில் எல்லோருக்கும். பத்து கிலோமீட்டருக்கு, மிக நீண்ட பயிற்சி ஓட்டம் 8 அல்லது 9 கிலோமீட்டரோடு முடிந்துவிடும்.

செப்டம்பர் நடுவில் தொடங்கினால் ஜனவரி முதல் வாரத்துக்குப் பதினாறு வாரம் கிடைக்கும். முதல் ஒன்பது வாரம் நடையும் ஓட்டமும் கலந்து 5 கிலோமீட்டரை எட்டுவது, மிச்ச வாரங்களில் அதைப் பத்தாக நீட்டுவது. ஒன்பது வாரம் என்பது நான் கற்பித்த கணக்கில்லை. 1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் போட்ட 'கவுச் டு 5கே' திட்டத்தின் அளவு அது. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு அரை மணிக்கு முன்பின். அவர் அதைப் போட்டதே ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை ஓடவைக்கத்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆக, வாரத்துக்கு மூன்று ஓட்டம்: இரண்டு நாள் 30 முதல் 40 நிமிடம், ஒரு நாள் கொஞ்சம் நீளமாக. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம், நடங்கள்.

தொடங்கும் முன் பெண்கள் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "எனக்கு ஸ்டாமினாவே இல்லை" என்று நான் இரண்டு வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பரிசோதித்தால் 9.8. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை செய்ததை எந்தப் பயிற்சியாளரும் செய்திருக்க முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு தொடர்பான தொந்தரவு இருப்பவர்கள் ஆண்களானாலும் பெண்களானாலும் டாக்டரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

எதை வைத்து எடைபோடுவது

*கதவிலிருந்து கதவுக்கு.* நாற்பது நிமிட ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் ஆவதில்லை. ஷூ மாட்டுவது, போவது, வருவது, வியர்வை அடங்குவது, குளிப்பது எல்லாம் சேர்ந்ததே உண்மையான நேரம்.

*யார் தலையில் விழுகிறது.* என் கணக்கில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். பிள்ளை பெற்றவருக்கு ஓடும் நேரம் வானத்திலிருந்து விழாது. உங்கள் தூக்கத்திலிருந்து எடுப்பீர்கள், அல்லது கணவன், மனைவி, மாமியார், பிள்ளை, மேனேஜர் என்று யாரோ ஒருவரிடமிருந்து எடுப்பீர்கள். கேட்டு எடுத்தால் கடன். கேட்காமல் எடுத்தால் ஆறாவது வாரம் சமையலறையில் பாத்திரம் உருளும்.

*ஒரு நாள் கெட்டால்.* பிள்ளைக்குக் காய்ச்சல், ஆடிட், உறவில் கல்யாணம். தவறிய ஓட்டத்தை அதே வாரத்துக்குள் வேறெங்காவது நுழைக்க முடியுமா?

*பந்தய நாளோடு எவ்வளவு ஒட்டும்.* ஜனவரியில் நீங்கள் ஓடப்போவது தார் ரோட்டில், காலைக் குளிர்ச்சியில், வெறும் வயிற்றோடோ அரை வாழைப்பழத்தோடோ.

இவை போகப் பாதுகாப்பும் பணமும். பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எந்த வழியில் போனாலும் ஷூ ஒன்று வாங்கத்தான் வேண்டும். சுமார் 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் நல்லது கிடைக்கிறது. ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும், இந்தப் பயிற்சி முழுவதுமே 250 கிலோமீட்டரைத் தாண்டாது. பழைய கேன்வாஸில் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டு ஃபிஸியோவுக்கு அழுவதைவிட இது மலிவு.

விடியற்காலையில், தனியாக, வீட்டுத் தெருவில்

ஊரே சொல்லும் வழி இது. ஐந்து மணிக்கு எழு, ஓடு, ஆறு மணிக்குள் திரும்பு, பிள்ளைகள் விழிக்கும்போது நீ வீட்டில் இரு. கதவிலிருந்து கதவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பால்பாக்கெட் போடுகிறவரையும் வாசல் தெளிக்கிறவர்களையும் தவிரத் தெருவில் ஆளில்லை. காற்றில் சூடில்லை. பந்தய நாளின் நேரமும் தரையும் இதேதான். காகிதத்தில் இதற்கு நூற்றுக்கு நூறு மார்க்.

நான் தோற்றது இதில்தான். நாலே முக்காலுக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதே முக்காலுக்குள் படுக்க வேண்டும். சின்னவள் பத்தரைக்குத் தூங்குவாள். அவள் தூங்கிய பிறகு பாத்திரம், மாவு, மறுநாள் யூனிபார்ம். பதினொன்றரைக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்ததில் மூன்றாவது வாரம் கவுன்ட்டரில் ஒரு பூஜ்யத்தை விழுங்கினேன். அன்று மாலை கணக்கு நேராகும்வரை கிளையிலேயே உட்கார்ந்திருந்தேன். தூக்கம் குறையும்போது உடம்பு தேறுவதில்லை, தசைப்பிடிப்பும் கணைக்கால் எலும்பு வலியும் அப்போதுதான் வருகின்றன. "அதிகாலையில் எழுந்தால் எல்லாம் முடியும்" என்று சொல்பவரின் வீட்டில் இரவுப் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது மறைமுகச் செலவு இருட்டு. செப்டம்பரில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், டிசம்பர் கடைசியில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எட்டிப்பார்க்கும். பயிற்சி நீள நீள இருட்டும் நீளும். தெருவிளக்கு எரியாத இடங்களும் மூடியில்லாத வடிகால்களும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு வேறு பயங்களும் உண்டு, அதை நான் விளக்க வேண்டியதில்லை. வெளிர் நிறச் சட்டை, காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன், போகும் பாதை வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது, இவை கட்டாயம்.

பிறகு நாய்கள். ஓடுகிற கால்களைத் துரத்துவது அவற்றின் சுபாவம். துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல் மெல்ல நடந்து விலகுங்கள். கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்று விடக் கூடாது.

மூன்றாவது மழை. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கடலோரத்தில் அது பின்னிரவிலும் விடியலிலும் கொட்டுகிற மழை. உங்கள் பதினாறு வாரத்தில் நடுப்பகுதி முழுக்க அதற்குள் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓடுவது வீரமில்லை, குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

யாருக்குப் பொருந்தும்: பிள்ளைகள் ஒன்பது மணிக்குள் தூங்கும் வீடு, அல்லது இரவு வேலைகளை இன்னொருவர் முழுதாக எடுத்துக்கொள்ளும் வீடு. காலையில் தானாகவே விழிப்பு வருகிறவர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த யோசனையே வேண்டாம்.

குழுவோடு

சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. சென்னை ரன்னர்ஸ் 2006-இல் தொடங்கியது, இன்று பேட்டைக்குப் பேட்டை கிளை. அதைத் தவிரவும் பல குழுக்கள் உண்டு. சிலவற்றில் கட்டணமில்லை, பயிற்சியாளர் வைத்து நடத்துபவை மாதக் கட்டணம் வாங்கும்.

தனியாகப் படுக்கையிலிருந்து எழாத கால், நாலு பேர் முனையில் நிற்கிறார்கள் என்றால் எழும். இருட்டுக்கும் நாய்க்கும் குழுவைப் போல மருந்தில்லை. தோளை இறக்கு, சின்ன அடியாக எடுத்துவை, மேம்பாலத்தில் மூச்சைப் பார் என்று கூட ஓடுகிறவர் சொல்லும் ஒரு வார்த்தை பத்து வீடியோவுக்குச் சமம்.

செலவு எங்கே என்றால் நேரத்தில். ஐந்து மணி ஓட்டத்துக்கு நாலரைக்கு வண்டியெடுக்க வேண்டும். எல்லோரும் ஓடி முடிக்க ஆறரை ஆகும். பிறகு உடம்பை நீட்டி மடக்கி, போட்டோ எடுத்து, இட்லி, வடை, ஃபில்டர் காபி. வீட்டுக்கு வரும்போது எட்டரை. நாற்பது நிமிட ஓட்டத்துக்கு நான்கு மணி நேரம். அந்த காபி நேரம் வீண் என்று சொல்ல மாட்டேன், பல வருடங்களுக்குப் பிறகு யாருடைய அம்மாவாகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது அங்கேதான். ஆனால் வீட்டில் ஒருவர் அந்த நான்கு மணி நேரமும் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். அவர் கணக்கில் அது ஓட்டம் இல்லை, ஊர்சுற்றல்.

இன்னொன்று, குழுவின் வேகம் தொற்றிக்கொள்ளும். புதியவர்கள் பின்தங்கக் கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டு ஓடி, அடிபடுவது இங்கேதான். பந்தயங்களும் தொற்றும். ஒன்றுக்குப் பேர் கொடுத்தவர் மார்ச்சுக்குள் நான்குக்குக் கொடுத்திருப்பார். கட்டணம், பயணம், இன்னொரு ஷூ.

யாருக்குப் பொருந்தும்: தனியாக விட்டால் நிச்சயம் கைவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு. தினமும் வேண்டாம், வாரத்தில் நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் போனாலே போதும்.

ட்ரெட்மில்லில்

மழை, இருட்டு, நாய் மூன்றுக்கும் ஒரே பதில். வீட்டிலேயே இருந்தால் ஐம்பது நிமிடத்தில் குளியலோடு முடிந்துவிடும். குழந்தை பக்கத்து அறையில் தூங்கும்போது ஓடலாம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும், கணவனோ மனைவியோ வெளியூரில் இருப்பவர்களுக்கும் சில சமயம் இதைத் தவிர வழியே இருக்காது.

வீட்டில் வாங்குவதென்றால் மோட்டார் வைத்தது சுமாரானதே 25,000 ரூபாய்க்கு மேல். பெல்ட்டுக்கு எண்ணெய் விட வேண்டும், கரன்ட் போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது. அடுக்குமாடியில் முதல் மாடியில் இருந்தால் தடதடவென்ற சத்தத்துக்குக் கீழ்வீட்டு மாமி மூன்றாம் நாளே மேலே வருவார். ஜிம் என்றால் மாதம் 1,500, 2,000 என்று போகும், வருடச் சந்தாவைத் தலையில் கட்டுவார்கள். பதினாறு வாரத் திட்டத்துக்குப் பன்னிரண்டு மாதச் சந்தா எதற்கு? மூன்று மாதம் கேட்டு வாங்குங்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஓடும் பெல்ட் குழந்தையின் விரலையும் உள்ளங்கையையும் உரித்துவிடும், பின்பக்கம் இழுத்தும் கொள்ளும். ஒரு குழந்தை இறந்ததையும் பல விபத்துகளையும் அடுத்து, அமெரிக்காவில் 2021-இல் பெலட்டான் நிறுவனம் தன் ஒரு ட்ரெட்மில் வகையையே திரும்பப் பெற்றது. ஓடாத நேரத்தில் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஓடும்போது கதவைச் சாத்துங்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்து தனி அறையும் இல்லையென்றால், வீட்டு ட்ரெட்மில் வேண்டாம் என்பதே என் கட்சி.

ஒரு சதவீதம் சாய்வு வைத்தே ஆக வேண்டும் என்று ஜிம்மில் சொல்வார்கள். அது வேகமாக ஓடுகிறவர்களுக்குக் காற்றின் எதிர்ப்பை ஈடுகட்டச் சொன்னது. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஓடும் நமக்குப் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் ஏசியில்தான் இருக்கிறது. 24 டிகிரியில் பழகிய உடம்பு, கடலோரப் புழுக்கத்தில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே திணறும். ஆகவே வாரத்தில் ஒன்றாவது வெளியே ஓட வேண்டும்.

பிள்ளையின் வகுப்பு நேரத்தில்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தடுமாறிக் கண்டுபிடித்தேன். பெரியவனுக்குச் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை பேட்மிண்டன். ஒரு வருடம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தை ஸ்கூட்டி சீட்டில் உட்கார்ந்து போனைத் தேய்த்தே கழித்தேன். கோர்ட்டுக்குப் பின்னாலேயே ஒரு மைதானம் இருந்தது. போனேன், சுற்றினேன், அவ்வளவுதான்.

இதில் கூடுதல் நேரம் பூஜ்யம். எப்படியும் காத்திருக்கப் போகிறீர்கள். தூக்கத்திலிருந்து எடுக்கவில்லை, துணையிடமிருந்து எடுக்கவில்லை. இரண்டாவது பிள்ளை இருந்தால் அதை மட்டும் எங்கே விடுவது என்று பார்க்க வேண்டும். நான் எதிர்வீட்டில் விட்டேன், பதிலுக்கு அவர்கள் பெண்ணின் டான்ஸ் கிளாஸ் போக்குவரத்து என் தலையில். நீச்சல், பாட்டு, அபாகஸ், ஹிந்தி டியூஷன், எதுவாக இருந்தாலும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பூங்காவோ மைதானமோ போக்குவரத்துக் குறைந்த நான்கு தெருக்களோ தேறும். பூங்காவில் நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைந்திருப்பார்கள், ஓடினால் முறைப்பார்கள். மைதானமே மேல்.

குறைகளும் உண்டு. செப்டம்பர் மாலையில் புழுக்கம் ஆளைக் கொல்லும், வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மூன்றரைக்கு ஆபீசில் பஜ்ஜி சாப்பிட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரியும். வியர்த்துப்போன சட்டையோடு மற்ற பெற்றோர் நடுவில் நிற்கும் கூச்சம் இரண்டு வாரத்தில் போய்விடும், சீட்டுக்கடியில் ஒரு துண்டும் மாற்றுச்சட்டையும் போதும். பரீட்சை நேரத்தில் வகுப்பு நின்றால் உங்கள் ஓட்டமும் நின்றுவிடும். பிள்ளையைத் தனியாக விட்டுப் போக முடியாத வயதென்றால் இது நடக்காது. எட்டு வயதுக்கு மேல், பயிற்சியாளர் பார்வையில், போனில் கூப்பிடும் தூரத்தில் என்றால்தான் நான் போவேன்.

மதிய உணவு இடைவேளையில் ஓடலாமே என்று ஒருவர் கேட்டார். சென்னை வெயிலில் வேண்டாம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | விடியல், தனியாக | குழு | ட்ரெட்மில் | வகுப்பு நேரம் |
|---|---|---|---|---|
| 40 நிமிட ஓட்டத்துக்கு ஆகும் நேரம் | 1 மணிக்குள் | 3 முதல் 4 மணி | வீட்டில் 50 நிமிடம், ஜிம்மில் ஒன்றரை மணி | கூடுதலாக எதுவுமில்லை |
| யார் தலையில் | உங்கள் தூக்கம் | வீட்டில் இருப்பவர் | வீட்டில் என்றால் யாருமில்லை | இரண்டாவது பிள்ளையைப் பார்ப்பவர் |
| ஒரு நாள் கெட்டால் | மறுநாள் ஈடுகட்டலாம் | அடுத்த வாரம்தான் | அன்றே ஈடுகட்டலாம் | அடுத்த வகுப்புவரை இல்லை |
| பந்தயத்தோடு பொருத்தம் | முழுமை | முழுமை | குறைவு | நடுத்தரம் |
| பாதுகாப்பு | கவனம் வேண்டும் | நல்லது | சிறு பிள்ளை இருந்தால் ஆபத்து | நல்லது |
| ஷூ போக மாதச் செலவு | இல்லை | இல்லை, அல்லது கட்டணம் | 1,500 முதல் 2,000 வரை, அல்லது மொத்தமாக 25,000-க்கு மேல் | இல்லை |
| மழைக்காலம் | பாதி போகும் | பாதி போகும் | கவலையில்லை | சில நாள் போகும் |

அட்டவணையைப் பார்த்தால் ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை என்பது தெரியும். வாரத்தில் இரண்டு சின்ன ஓட்டத்துக்கு யாரையும் தொந்தரவு செய்யாத வழி, ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பந்தயம் போன்ற வழி. எனக்கு அது செவ்வாய், வியாழன் மைதானமும், ஞாயிறு விடியலுமாக அமைந்தது. சனிக்கிழமை இரவு வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டதால் அந்த ஒரு நாள் தூக்கம் தப்பித்தது. கைக்குழந்தை வீட்டில் இதே கலவை இரண்டு நாள் ஜிம்மும் ஞாயிறு ஒரு ஓட்டமுமாக இருக்கலாம்.

நீண்ட ஓட்டத்துக்கு இடம் தேடுகிறவர்களுக்கு: 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறித்திருக்கிறார்கள். சென்னையில் அது பெசன்ட் நகரில். நமக்கு வேண்டிய மிக நீண்ட பயிற்சி ஓட்டமும் கிட்டத்தட்ட அதே 8 கிலோமீட்டர்தான், போனைப் பார்த்துத் தூரம் எண்ண வேண்டியதில்லை.

நவம்பரில் ஒரு வாரம் முழுக்க மழையில் போனால் பதறாதீர்கள். விட்டதைச் சேர்த்து அடுத்த வாரம் ஐந்து நாள் ஓட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து ஒரு படி இறங்கித் தொடங்குங்கள். மாடிப்படி ஏறி இறங்குவதும் வீட்டுக்குள் இருபது நிமிடம் கால் தசைகளுக்கான பயிற்சி செய்வதும் அந்த வாரத்துக்குப் போதும்.

பணம் கட்டியவர்கள் செப்டம்பருக்குள் செய்ய வேண்டிய முதல் வேலை ஷூ வாங்குவதில்லை. வீட்டில் உட்கார்ந்து, எந்த மூன்று நேரம் உங்களுக்கு, அதற்குப் பதிலாக எந்த மூன்று நேரம் மற்றவருக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் காகிதத்தில் ஜனவரிக்குப் பிறகு ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது. பள்ளி நாட்களில் விட்ட கூடைப்பந்தைக் கணவர் மறுபடி தொடங்கப்போகிறாராம், அவருக்கு வியாழக்கிழமை மாலை வேண்டுமாம். வியாழன் என்னுடைய நாள். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.